எல்லைக்கு வெளியே கிடந்த குப்பை

சந்தையைத் தாண்டிப் பாதை இறங்கும் வளைவில், தேயிலை மலைக்கும் ஓடைக்கும் நடுவே, பல வருடங்களாக ஒரு குப்பைமேடு வளர்ந்து வந்தது. கழித்த கோவா இலை, லீக்ஸ் தாள், சொப்பிங் பேக், முடிச்சுப் போட்டு எறிந்த பிள்ளைகளின் பம்பர்ஸ். மழை பெய்தால் அத்தனையும் ஓடையில் இறங்கிக் கீழே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், இருப்பவர்களின் தண்ணீர்ப் பீலியை அடைத்துவிடும். மலையகத்து ஓடைகள் பெரும்பாலும் மகாவலியிலோ களனியிலோ போய்ச் சேர்பவை. களனித் தண்ணீரை அம்பத்தலையில் எடுத்துத்தான் கொழும்பு குடிக்கிறது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் அலுவலகங்களில் தலையாட்டுவார்கள். அதற்குமேல் எதுவும் நடக்காது.

நகர சபையில் கேட்டால், "எங்கள் எல்லைக்கு வெளியே" என்றார்கள். பிரதேச சபையில், "அது தோட்டக் காணி, ஐயா" என்றார்கள். தோட்டத்தில் கேட்டால், குப்பை நகரத்தினுடையது. எல்லாம் வாய்ப்பேச்சு. சொன்னவர் இடமாற்றம் பெற்றுப் போனால் பேச்சும் அவரோடு போய்விடும்.

பிரதேச சபையின் பதில் எனக்குப் பழக்கமானது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிட இடம் தரவில்லை. வாக்குக் கேட்டு லயத்து வாசலுக்கு வருவார்கள். வென்ற பிறகு அந்த வாசலுக்கு ஒரு கூடைக் கல் போடவும் சட்டம் விடாது. 2018 இல் அதைத் திருத்திவிட்டார்கள். திருத்தம் எங்கள் பக்கத்து மேசைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை போலும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் (2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம்) பயன்படுத்தலாம் என்றது எங்கள் சங்கத்துத் தம்பி ஒருவர். காரணம் சொல்லாமலே தகவல் கேட்கலாம்; தமிழிலேயே எழுதிக் கொடுத்தோம். இங்கே கேள்வியை அமைக்கும் விதம்தான் முக்கியம். "ஏன் அள்ளவில்லை?" என்று கேட்டால் அதற்கு எந்தக் கோப்பிலும் பதில் இருக்காது. நாங்கள் ஆவணங்களைக் கேட்டோம்: சபை எல்லை வரைபடம், குப்பை டிரக்டரின் ஓட்டப் பதிவு, சந்தைக் கடைகளிடம் குப்பைக்காக அறவிட்ட தொகை. ஒப்புகைச் சீட்டை அங்கேயே நின்று வாங்கினோம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவை அறிவிக்க வேண்டும். அறிவிக்கவில்லை. குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு எழுதினோம். அதற்குப் பிறகுதான் தபாலில் ஒரு கட்டு வந்தது.

வரைபடத்தைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது. எல்லைக்கோடு குப்பைமேட்டின் நடுவால் போகிறது! மேட்டின் ஒரு பாதி நகர சபைக்கு, மறுபாதி பிரதேச சபைக்கு. அந்த மறுபாதி கம்பனிக்குக் குத்தகைக்கு விட்ட அரச காணி. ஆக, மூன்று தரப்பும் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்திருக்கிறது.

அந்தத் தாளோடு போனதும் கூட்டம் கூடியது. கிராம சேவகர், பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ., தோட்டத்தை நடத்தும் துரை எல்லோரும் வந்தார்கள். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை உறுப்பினர்களே இல்லாதிருந்த காலம் அது. சபைச் செயலாளர் வைத்ததுதான் சட்டம். ஜனநாயகத்துக்கு நல்லதல்ல, எங்களுக்கு வசதியாக இருந்தது. டிரக்டர் வருவதற்கு நாள் குறித்தார்கள். உக்கும் குப்பையைப் பிரித்துத் தருவது எங்கள் பொறுப்பு.

பிரிப்பதைவிட உக்க வைப்பதுதான் பாடாய்ப் படுத்தியது. கோவா இலை முழுவதும் தண்ணீர். எங்கள் குளிரிலும் தூறலிலும் குவியல் சூடேறாமல் அழுகி நாறியது. லயத்து அக்காமார் வழி சொன்னார்கள்: தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து சன்னக் குச்சிகளை அடியில் பரப்பி, காய்ந்த மானாப்புல்லை ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் போட்டு, மேலே தறப்பாள் இழுத்துக் கட்டுவது. கையை உள்ளே விட்டால் சுடத் தொடங்கியதும் நாற்றம் நின்றது. காட்டுப்பன்றிகளுக்காகச் சுற்றித் தகரம் அடித்தோம். இப்போது பசளையை வீட்டுத்தோட்டக்காரர்களே அள்ளிப் போகிறார்கள்.

பம்பர்ஸுக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. உக்காது, பழைய பிளாஸ்டிக் வாங்குபவரும் தொடமாட்டார். தேர்தல் முடிந்து வந்த புதிய உறுப்பினரிடம் கேட்டோம். "கடிதமாகத் தாருங்கள்" என்றார். கொடுத்தோம்; பிரதியில் திகதியோடு முத்திரையும் வாங்கிக்கொண்டோம்.