28ஆம் இதழ்

ஜூலை 19

மழை விடவில்லை. வாசற்கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டேன்.

ஜூலை 20

தகரப் பெட்டியை இன்று திறந்தேன். ஏற்காட்டுப் பனிமூட்டம் எந்தத் தாளையும் விட்டுவைக்காது என்பதால் உள்ளே பூசணம்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அதற்கு மாறாக, காய்ந்த வேப்பிலைகளுக்கு நடுவே என் மகனுடைய காமிக்ஸ் இதழ்கள் எண் வரிசை குலையாமல் இருந்தன. முத்துவும் லயனும் ஒரு கட்டு, ஆங்கில இதழ்கள் மற்றொரு கட்டு. பாடப்புத்தகத்துக்கு ஒருநாளும் அட்டை போடாதவன் இவற்றுக்குக் கண்ணாடித்தாள் உறை போட்டு வைத்திருக்கிறான். இவற்றை வெந்நீர் அடுப்பில் போடப்போவதாக நான் ஒருமுறை கத்தியது நினைவுக்கு வந்தது. போடவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 21

அக்கா சேலத்திலிருந்து அழைத்து, "அவன் வந்தால் கதவைத் திறக்காதே, தம்பி" என்றாள். ஈரக்காற்றுக்கு இடது மணிக்கட்டு வலிக்கிறது.

ஜூலை 23

1985இல் வந்த நியூ மியூடண்ட்ஸ் 26, 27 ஆகிய இரண்டு இதழ்களையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். பிறவியிலேயே அபூர்வ ஆற்றல் பெற்ற எக்ஸ்-மென் கூட்டத்தின் ஆசானாகிய சார்லஸ் சேவியர் எவர் மனத்தையும் படிக்க வல்லவர். ஆனால் தமக்கொரு மகன் இருப்பதே அவருக்கு நெடுங்காலம் தெரியாது, ஏனெனில் தாயான கேப்ரியெல் ஹாலர் அதை அவரிடம் சொல்லவில்லை. டேவிட் என்னும் அந்தப் பிள்ளை சிறுவயதில் தீவிரவாதத் தாக்குதல் ஒன்றில் சிக்க, அந்த அதிர்ச்சியில் அவனுடைய ஆற்றல் வெடித்து, தாக்க வந்தவர்களின் மூளைகளையே எரித்துவிடுகிறது. அதோடு அவன் மனமும் துண்டு துண்டாகிறது. ஒரு துண்டு பிறர் எண்ணத்தைப் படிக்கிறது, ஒன்று பொருள்களைத் தொடாமல் நகர்த்துகிறது, சிண்டி என்ற பெண்ணாக வரும் இன்னொன்று நெருப்பை வீசுகிறது. இத்தனை பேரும் சேர்ந்தவன்தான் லீஜியன். அவனை எதிர்கொள்ளத் தகப்பன் மகனின் மனத்துக்குள்ளேயே போக வேண்டியிருக்கிறது.

பில் சின்கெவிச் வரைந்த பக்கங்களை முதலில் பார்த்தபோது அச்சகத்தில் எவரோ மையைக் கொட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். டேவிடின் முடி சீப்புக்கு அடங்காமல் ஒரு முழ உயரத்துக்கு நெட்டுக்குத்தாக நிற்கிறது.

எழுதிய கிறிஸ் கிளேர்மாண்ட் தகப்பனுக்கு ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறார். தெரியாதவன்மேல் பழி விழாது. நான் அப்படியல்லேன். சலூனில் இவனுக்கு முடிவெட்டும்போதெல்லாம் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அந்தத் தலைக்குள் என்ன இருந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

ஜூலை 24

28ஆம் இதழ் இல்லை. கதை அதில்தான் முடிகிறது.

ஜூலை 27

பரணிலும் இல்லை.

ஜூலை 29

ஒரு விஷயத்தில் எனக்கு இந்தக் கதையோடு உடன்பாடில்லை. மனம் பிளவுபட்டவன் என்றாலே ஊரை எரிப்பவன் என்று வரைந்துவிடுவது எளிது. படங்களும் நன்றாக அமைந்துவிடுகின்றன. மனநோயாளிகளில் பெரும்பாலானோர் எவரையும் துன்புறுத்துவதில்லை என்று கீழே மருத்துவர் என்னிடம் பொறுமையாக விளக்கியபோது, நான் அவர் மேசைமேல் இருந்த காகிதப்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவனுக்கு நோய் வேறு, கோபம் வேறு. கோபம் என்னுடையது, எங்கள் அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது.

ஜூலை 31

தூக்கமில்லை. இரவு முழுவதும் 1995 பிப்ரவரி தேதியிட்ட எக்ஸ்-மென் 41ஆம் இதழோடு இருந்தேன். டேவிட் இருபது ஆண்டுகள் பின்னோக்கிப் போகிறான். தந்தையின் கனவுக்குத் தடையாக நிற்கப்போகும் மேக்னெட்டோவை முன்கூட்டியே கொன்றுவிட்டால் அந்தக் கனவு பலிக்கும் என்பது அவன் கணக்கு. அங்கே இளைஞராக இருக்கும் சேவியர், அப்போது தம் நண்பனாக இருந்த மேக்னெட்டோவைக் காக்கக் குறுக்கே பாய்ந்து, அந்த அடியைத் தாம் வாங்கிச் சாகிறார். தன்னைப் பெறுவதற்கு முன்பே தகப்பனைக் கொன்றுவிட்டதால் மகனும் இல்லாமற்போகிறான். அதன்பின் நான்கு மாதங்களுக்கு எக்ஸ்-மென் இதழ்களெல்லாம் நின்று, சேவியர் இல்லாத வேறோர் உலகத்தின் கதை ஓடியிருக்கிறது.

அன்று அவன் ஓங்கிய கட்டை என்மேல் ஓங்கியது அல்ல. எதிரே நின்றவர் வேறு. அவர் என்னைப் பற்றிச் சொன்ன சொல்லுக்காக இவன் ஓங்கினான். நடுவில் போய்க் கையை நீட்டியவன் நான்தான். இதை அக்காவிடம் இதுவரை சொல்லவில்லை. காவல் நிலையத்திலும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1

மணிக்கட்டு இன்று வலிக்கவில்லை.

ஆகஸ்ட் 2

இரவு ஒன்பது மணிக்கு அழைத்தான். பேச வேண்டியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தும், வாயில் வந்தது, "28 எங்கேடா?" என்பதுதான். நெடுநேரம் பேச்சில்லை. பின்னால் பேருந்துகளின் இரைச்சல் கேட்டது. "படிச்சீங்களாப்பா?" என்றான். மற்ற இரண்டையும் படித்தேன் என்றேன். ஆடிப்பெருக்கன்று வருவதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 3

அடிவாரம் வந்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருக்கிறான். இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இந்தப் பனியில் ஓட்டுநர் மெதுவாகத்தான் ஏற்றுவார். அக்கா மூன்று முறை அழைத்துவிட்டாள். எண்ணெய் விட்டும் தாழ்ப்பாள் கிறீச்சிடுகிறது.