ஹாலேவில் இரண்டு இரவு

ஜூன் பள்ளி விடுமுறைக்கு ஜெர்மனி என்று முடிவானதும் வீட்டில் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். வீட்டுக்காரருக்கு மலைமேல் நிற்கும் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை. மகளுக்கு பெர்லின். நான் ஹாலே என்றேன். "அது எங்கே இருக்கு?" என்று இருவரும் கேட்க, அம்மா மட்டும் "நம்ம சீகன்பால்கு ஊரா?" என்றார். பொறையாற்றுக்காரர்களுக்கு அந்தப் பெயர் புதிதில்லை.

பொறையாற்றிலிருந்து தரங்கம்பாடி பக்கத்திலேயே இருக்கிறது. 1706 ஜூலை 9ஆம் தேதி கிறிஸ்தவப் போதகர் சீகன்பால்கு கப்பலிலிருந்து இறங்கியது அங்கேதான். அனுப்பியவர் டென்மார்க் அரசர். வந்தவர் ஜெர்மானியர், ஹாலேவில் படித்தவர். இங்கிருந்து அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் எழுதிய கடிதங்கள், அனுப்பிய ஓலைச்சுவடிகள் பலவும் போய்ச் சேர்ந்த இடமும் ஹாலேதான். தரங்கம்பாடி அச்சகத்துக்கு முதலில் வந்த தமிழ் எழுத்துகளை அங்கேதான் வார்த்தார்கள். எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை; பிறகு தரங்கம்பாடியிலேயே சிறிதாக வார்த்துக்கொண்டார்கள். காகித ஆலை வைத்தது எங்கள் பொறையாற்றில்.

மதம் பரப்பத்தான் வந்தார், அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. அம்மாவோ செவ்வாய், வெள்ளி என்றால் இங்கே சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மனைத் தவறவிடாதவர். இருந்தாலும் "நம்ம ஊர் ஓலை அங்க எப்படி இருக்குன்னு பார்க்கணும்" என்கிறார். எனக்கு ஆர்வம் மலையப்பன் மேல். 1714இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் போனபோது கூடவே போன தமிழர். சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேவில் அச்சானது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால், அந்தக் குளிரில், தமிழ் பேச ஒரே ஒரு ஆளை வைத்துக்கொண்டு மலையப்பன் எப்படி நாளைக் கழித்தாரோ! சிங்கப்பூரில் தமிழர் கூடும் தேக்காவுக்குப் போனால் எனக்குத் தீர்ந்துவிடுகிற ஏக்கம் அது.

சரி, ஏற்பாட்டுக்கு வருகிறேன். பெர்லினிலிருந்து விரைவு ரயிலில் ஹாலே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், லைப்சிக்கிலிருந்து அதைவிடக் குறைவு. அதனால் பெரும்பாலானோர் காலையில் வந்து மாலையில் திரும்புகிறார்கள். நான் இரண்டு இரவு தங்கியே தீர்வது என்று நிற்கிறேன். காரணம் ஃபிராங்கே நிறுவனங்கள். 1698இல் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே தொடங்கிய அனாதை இல்லம் வளர்ந்து வளர்ந்து பள்ளி, மருந்தகம், அச்சகம், நூலகம் என்று ஒரு சிறிய ஊராகவே ஆகிவிட்டது. இன்றும் நீளநீளமான மரச்சட்டக் கட்டிடங்கள் எதிரெதிரே நிற்கின்றன. பழைய இல்லத்தின் மேல்மாடத்தில் ஓர் அதிசயப் பொருள் அறை இருக்கிறது. முதலை கூரையிலிருந்து தொங்குகிறது. ஓவியம் தீட்டிய அலமாரிகளில் சங்கு, பாம்பு, இந்தியாவிலிருந்து போன பொருட்கள். சூரியனைப் பூமி சுற்றுகிறதா, பூமியைச் சூரியன் சுற்றுகிறதா என்று அந்தக் காலத்து மாணவர்களுக்குக் காட்ட இரண்டு பெரிய மாதிரிகளும் உண்டு. பக்கத்திலேயே 1728இல் முடிந்த நூலகம். நாடக மேடையின் பக்கத்திரைகள் மாதிரி அலமாரிகள் இருபுறமும் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே பார்க்க முடியாது.

ஓலைச்சுவடிகள் காட்சிக்கு வைத்த பொருட்கள் இல்லை, ஆவணக்காப்பகத்தில் இருப்பவை. நேராகப் போய்க் கதவைத் தட்டாமல் முன்கூட்டியே எழுதிக் கேட்பதுதான் முறை. அம்மாவைப் பற்றியும் ஊரைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்து மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.

வெள்ளி வந்து ஞாயிறு கிளம்புகிறோம். திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும், அதனால் அந்த நாளை ஹாலேவில் வைக்கவே கூடாது. ஞாயிற்றுக்கிழமையோ கடைகள் மூடல். ஞாயிற்றுக்கிழமையும் முஸ்தபா கடை திறந்திருக்கும் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இது சட்டென்று உறைக்காது. சனிக்கிழமையே பால், ரொட்டி, தயிர் வாங்கி வைத்துவிட வேண்டும். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. அருங்காட்சியகம் ஐந்து மணிக்கு மூடினாலும் ஊர் சுற்ற மாலை முழுக்க நம் கையில். அந்தச் சமயத்தில்தான் இசையமைப்பாளர் ஹேண்டல் பெயரிலான இசை விழாவும் வரும், அறையைச் சீக்கிரம் பிடிப்பது நல்லது.

ஹேண்டல் பிறந்தது இங்கேதான், 1685இல். வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. மகள் பள்ளியில் வயலின் வாசிக்கிறாள் என்பதால் அது அவள் பங்கு. சந்தைச் சதுக்கத்தில் நான்கு கோபுரத் தேவாலயமும் தனியாக நிற்கும் சிவப்புக் கோபுரமும் சேர்ந்து ஐந்து கோபுர ஊர் என்று பெயர். ஹேண்டல் சிறுவயதில் பழகிய சின்ன ஆர்கன் அந்தத் தேவாலயத்தில் இன்னும் இருக்கிறது. கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் இறந்த முகத்திலிருந்து எடுத்த அச்சும் அங்கேதான். மகள் அதைப் பார்க்க மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள்.

வீட்டுக்காரரை வழிக்குக் கொண்டுவந்தது நெப்ரா வட்டத்தகடு. சுமார் 3,600 ஆண்டுகள் பழைய வெண்கலத் தட்டில் தங்கத்தால் சூரியன், பிறை, விண்மீன்கள். 1999இல் புதையல் திருடர்கள் தோண்டி எடுத்து விற்க, 2002இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் போலீஸ் மாறுவேடத்தில் பேரம் பேசுவதுபோல் மீட்டார்கள். இந்தக் கதையைச் சொன்னதும் கோட்டையை மறந்துவிட்டார். ஹாலேயின் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1804இல் தொடங்கிய ஹாலோரன் சாக்லேட் ஆலையும் இங்கேயே. அவர்களுடைய உருண்டை சாக்லேட், ஊரின் உப்புக் காய்ச்சும் தொழிலாளர்கள் சட்டையில் வைத்த வெள்ளிப் பொத்தானின் வடிவம். அலுவலகத்தில் எல்லாருக்கும் வாங்கி வர இது போதும்.

நாங்கள் மூவரும் சிங்கப்பூர்க் கடப்பிதழ், விசா வேண்டாம். அம்மாவுக்கு இந்தியக் கடப்பிதழ், நீண்டகால வருகை அனுமதியில் எங்களோடு இருக்கிறார். அவருக்கு மட்டும் ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் விமான டிக்கெட்டுக்கு முன்னால் இந்த வேலையைப் பாருங்கள்.

ரயிலில் ஒன்று கவனிக்க வேண்டும். மலிவு டிக்கெட் எடுத்தால் குறிப்பிட்ட அந்த ரயிலில்தான் ஏறலாம். சாங்கி விமான நிலையத்தில் நள்ளிரவு ஏறி விடியலில் பிராங்க்பர்ட் இறங்குகிறோம், விமானம் தாமதமானால் டிக்கெட் வீண். அதனால் பிராங்க்பர்ட்டிலிருந்து ஹாலே போகும்போது மட்டும் எந்த ரயிலிலும் ஏறக்கூடிய டிக்கெட்டாகப் பார்க்கிறேன். மகளுக்கு 13 வயது, பெரியவர்களோடு போனால் கட்டணம் இல்லை.

அம்மாவின் பையில் ஊறுகாய், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி. நெய்யையும் பால்கோவாவையும் நான் எடுத்து வைத்துவிட்டேன். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால் பொருட்களும் இறைச்சியும் கொண்டுபோக விடமாட்டார்கள். "கொஞ்சூண்டு நெய்தானேடி" என்று பேச்சு இன்னும் ஓடுகிறது.

ஞாயிற்றுக்குப் பிறகு எங்கே என்பதுதான் தீராமல் இருக்கிறது. வீட்டுக்காரர் டிரெஸ்டன் என்கிறார். எனக்குச் சம்மதம்தான், ஆனால் சீகன்பால்கு பிறந்த புல்ஸ்னிட்ஸ் அதன் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர். மசாலா ரொட்டிக்குப் பேர்போன இடம். அதற்கு அரை நாள் கொடுத்தால் டிரெஸ்டன், இல்லையென்றால் பெர்லின் என்று சொல்லியிருக்கிறேன். மகள் பெர்லின் பக்கம், அம்மா என் பக்கம்.