தேவையில்லாத எக்ஸ்ரேயை எண்ணப் போகிறவர்களுக்கு

திருகோணமலைப் பக்க ஆஸ்பத்திரிப் பதிவுகளை வைத்துத் தேவையற்ற மருத்துவத்தைக் கணக்கெடுக்க நினைத்தால், முதுகுவலி எக்ஸ்ரேயில் தொடங்க வேண்டாம். ஓ.பி.டி. (வெளிநோயாளர் பிரிவு) துண்டு நோயாளியோடு வீட்டுக்குப் போய்விடும். எக்ஸ்ரே அறைப் பதிவேட்டில் பெயர், வயது, எந்தப் படம் என்பதுதான் இருக்கும். விழுந்தவரா, காய்ச்சல்காரரா, புற்றுநோய் வந்தவரா என்று தெரியாமல் எதைத் ‘தேவையில்லை’ என்பது?

வாட்டில் நிற்கிறவர்களைப் பிடிப்பதுதான் வழி. நாங்கள் எடுத்தது கவட்டுக் குடலிறக்க (ஹேர்னியா) ஒப்பரேஷனுக்கு முந்திய நெஞ்சு எக்ஸ்ரே. அந்த நோய்க்கு, சர்வதேச நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-10இல் கே40. இருமல், மூச்சிரைப்பு, இருதய வருத்தம், காசநோய் எதுவும் இல்லாதவருக்கு அந்தப் படத்தால் வைத்தியம் மாறுவது அபூர்வம்.

எதிக்ஸ் அனுமதி சிக்கலில்லாமல் வந்தது. றெக்கோட் றூமில்தான் இழுபறி. கடிதத்தில் பி.எச்.ரி. (வாட்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதும் கட்டில் குறிப்பேடு) என்று எழுத்தில் இல்லையாம், ஐ.எம்.எம்.ஆர். (வாட்டு நோயாளரின் நோய், இறப்புக் கணக்கு) தொகுப்பைத் தந்து அனுப்பினார்கள். அதில் நோயும் முடிவும் இருக்கும், செய்த பரிசோதனை ஒன்றும் இராது. போனது வீண் பயணம். வருசம், வாட்டு, நோய்க் குறியீடு, ‘பி.எச்.ரி.யை நேரில் பார்க்க’ என்ற நாலும் பணிப்பாளர் ஒப்பமிட்ட கடிதத்திலேயே இருக்கட்டும். பட்டியலை பி.எச்.ரி. எண் வரிசையில் கொடுத்தால் எடுத்துத் தருபவரின் முகமே மாறும்.

பெரிய ஓட்டை கிளினிக் கொப்பி. ஒப்பரேஷனுக்கு முந்திய படத்தைப் பலருக்குக் கிளினிக்கிலேயே எழுதிவிடுவார்கள், கொப்பி நோயாளியின் கையில். பி.எச்.ரி.யை மட்டும் எண்ணினால் தொகை குறைந்துதான் வரும். ஆகவே முந்திய 30 நாள் எக்ஸ்ரே பதிவேட்டையும் புரட்ட வேண்டும். பெயரை நம்பாதீர்கள்: வாட்டில் சிவராஜா, எக்ஸ்ரே அறையில் சிவராசா, முதலெழுத்து முன்னும் பின்னும். வயது, பால், திகதி பொருந்திய பிறகே பெயரைப் பாருங்கள்.

மூதூர் ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றி அனுப்பப்பட்டவருக்கு இரண்டு பி.எச்.ரி. இருக்கும், ஒருவரை இருவராக எண்ணிவிடாதீர்கள்.

வரையறை இரண்டு வையுங்கள், அகலமாக ஒன்று, இறுக்கமாக ஒன்று. அமெரிக்க மெடிகெயார் (முக்கியமாக முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதி) பதிவுகளில் 26 அளவீடுகளை வைத்துச் செய்த 2014 ஆய்வில், தேவையற்ற சேவை ஒன்றாவது பெற்றவர்கள் அகல வரையறையில் 42%, இறுக்கத்தில் 25%. அதே பதிவுகள்தான். ஒற்றை எண்ணோடு போனால் சத்திரசிகிச்சை நிபுணர் முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவார்.