ஆடி 18க்கு வந்துவிடுவார்கள்

பென்னாகரம் பக்கத்து ஊர்களில் ஒன்பது வருடம் குழந்தைகளை அளந்திருக்கிறேன். சம்பளச் சீட்டில் கள ஆய்வாளர். ஊரில் 'தராசு அக்கா'. பிறந்ததிலிருந்து ஒரு குழந்தையைப் பின்தொடர்ந்து எடை, உயரம், தலைச் சுற்றளவு, வந்துபோன காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே போவதுதான் ஆய்வு. மருந்தும் கிடையாது, சத்துமாவும் கிடையாது. "அளந்து அளந்து என்னதான்க்கா பண்ணுவீங்க?" என்று கேட்காத வீடு இல்லை.

அளக்கக் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் போதுமாக இருந்தது. இரண்டு வயது வரை குழந்தையைப் பலகையில் படுக்கவைத்துத்தான் நீளம் பார்க்க வேண்டும். அதே குழந்தையை நிற்கவைத்தால் சுமார் 0.7 செ.மீ. குறைவாகக் காட்டும். ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை அழுத்த, குழந்தை வீறிட்டு அழும். "பாடையில கிடத்துற மாதிரி என்ன இது?" என்று ஒரு பாட்டி பலகையைத் தெருவில் தூக்கிப் போட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அதற்குப் பிறகு பலகையில் பூப்போட்ட துணி விரித்தேன்.

முதல் வருடத்திலேயே ஒரு தப்பு செய்தேன். ஒரு பெண் குழந்தையைக் கொலுசோடு எடை பார்த்துவிட்டேன். அடுத்த முறை கொலுசு இல்லை. கணினியில் பார்த்தால் குழந்தை வளரவே இல்லை. மேற்பார்வையாளர் அன்றைக்கே திரும்ப அனுப்பினார், அடகுக்கடை வரைக்கும் போய் விசாரிக்க வேண்டியதாயிற்று. அப்புறம் கொலுசு, காப்பு எதையும் விடுவதில்லை.

ஆனால் அளப்பதைவிடக் குழந்தையைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூன்றாம் மாதம் மாமியார் வீடு. ஒரு வயது முடிவதற்குள் பெங்களூரில் ஏதாவது கட்டடத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. பதிவேட்டில் 'இன்னாரின் ஆண் குழந்தை', சான்றிதழில் ஒரு பெயர், வீட்டில் 'குட்டி'. போன் நம்பர் மாறிவிடும். அங்கன்வாடி டீச்சரும் கிராம சுகாதார செவிலியரும் இல்லையென்றால் நான் எப்போதோ வேலையை விட்டிருப்பேன்.

போனவர்களை விட்டுவிட்டு இருப்பவர்களை மட்டும் அளந்தால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். பதிலை வயல்வெளியே சொன்னது. கிணறும் நிலமும் உள்ள வீட்டுக் குழந்தைகள் ஊரிலேயே இருக்கிறார்கள். மழை பொய்த்தால் மூட்டை கட்டுவது மற்ற வீடுகள். இருப்பவர்களை மட்டும் அளந்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் நன்றாகத்தான் இருப்பார்கள், காகிதத்தில்.

பயிற்சி வகுப்பில் பிரிட்டன் ஆய்வு ஒன்றைப் பற்றிச் சொன்னார்கள். 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்தவர்களில் 5,362 பேரை, எழுபது வயது தாண்டியும் பின்தொடர்ந்திருக்கிறார்கள். தொடர்பு விட்டுப்போகாமல் இருக்க வருடா வருடம் பிறந்தநாள் வாழ்த்து அட்டை அனுப்புவார்களாம். எங்களுக்கும் ஆசை வந்து பிறந்தநாளன்று போன் செய்தோம். "எந்த லோன் கம்பெனிங்க?" என்று அப்பாக்கள் கட் செய்தார்கள். சரி, அது நமக்குச் சரிவராது.

"என்னதான்க்கா பண்ணுவீங்க?" என்பதற்கு டெல்லியைத்தான் சொல்லுவேன். 1969 முதல் 1972 வரை அங்கே பிறந்தவர்களை முப்பது வயதுவாக்கில் திரும்பச் சோதித்தார்கள். இரண்டு வயதில் ஒல்லியாக இருந்து, பிறகு பன்னிரண்டு வயதுக்குள் வேகமாகச் சதைபோட்டவர்களிடம் சர்க்கரைக் கோளாறு அதிகம் தெரிந்தது. அம்மாக்கள் கேட்டுவிட்டு, "அப்ப புள்ள கொழுகொழுன்னு ஆகக் கூடாதா?" என்று என்னையே மடக்குவார்கள்.

எங்களுக்கு உதவியது திருவிழாதான். பொங்கல், மாரியம்மன் பண்டிகை, ஆடி 18. ஒகேனக்கலில் முழுக்குப் போட எந்த ஊரில் இருந்தாலும் வந்துவிடுவார்கள். அளவெடுக்கும் தேதிகளை அதையொட்டி வைத்துக்கொண்டோம்.

போன ஆடியில் இரண்டு வருடமாகக் கையில் சிக்காத பையன் ஒருவன் வந்திருந்தான். ஆறு வயது. கையில் வெள்ளிக் காப்பு. அதைக் கழற்றினால்தான் தராசில் ஏற்றுவேன் என்று தெரிந்து பாட்டியே அவன் கையைப் பிடித்துக்கொண்டார். சோப்பு போட்டுப் பார்த்தோம், தேங்காய் எண்ணெயும் போட்டுப் பார்த்தோம். வரவில்லை. எடைக்குப் பக்கத்தில் 'காப்புடன்' என்று எழுதிக்கொண்டேன்.