பத்து மணிப் பனி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், காஸ்கேட் மலைத்தொடரின் பனியாறுகளை அளக்கும் ஒரு சிறு குழுவில் நான்கு ஆண்டுகள் களப்பணியாளனாக இருந்தேன். வேலை சொல்வதற்கு எளிது. குளிர்காலம் முடிந்ததும் பனியாற்றின் மேல் குறித்த இடங்களில் பனி எவ்வளவு ஆழம் கிடக்கிறது என்று அளந்து, நீண்ட பிளாஸ்டிக் குழாய்களை அடியிலுள்ள பனிக்கட்டிக்குள் நட்டுவிட்டு வர வேண்டும். கோடையின் முடிவில் மறுபடி ஏறி, குழாய் எத்தனை மீட்டர் வெளியே நிற்கிறது என்று பார்த்தால், அந்த ஆண்டு பனியாறு இழந்தது எவ்வளவு என்பது தெரிந்துவிடும். அங்கே போய்வரச் சாலை கிடையாது, இழுவைக் கம்பியும் கிடையாது. ஸ்கை என்னும் பனிச்சறுக்குப் பலகையின் அடியில், பின்னோக்கி வழுக்காமலிருக்க ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டு ஐந்தாறு மணி நேரம் ஏறுவோம். வேலை முடிந்ததும் பட்டையை உரித்துச் சுருட்டிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் சறுக்கி இறங்கிவிடுவோம். இருபத்தேழு வயதுவரை பனியையே பார்த்திராத நான் அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் இந்த வேலையில் சேர்ந்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

பேக்கர், ரெய்னியர், ஆடம்ஸ், செயின்ட் ஹெலன்ஸ், தெற்கே ஓரிகன் மாநிலத்தில் ஹூட் என்று அந்தத் தொடரின் உயர்ந்த சிகரங்களெல்லாம் எரிமலைகள். பசிபிக் கடலின் ஈரம் நேராக வந்து அவற்றின் மேல் கொட்டுகிறது. பேக்கர் மலையை ஒட்டியுள்ள சறுக்குத் தளத்தில் 1998-99 பருவத்தில் மட்டும் 1,140 அங்குலம், அதாவது ஏறக்குறைய 29 மீட்டர் பனி பொழிந்தது. ஒரே பருவத்தில் அளக்கப்பட்ட பனிப்பொழிவுகளில் உலக அளவில் அதுதான் அதிகம் என்று பதிவாகியிருக்கிறது. அதனால்தான் சறுக்குத் தளங்களெல்லாம் மூடிவிட்ட பிறகும், ஜூன், ஜூலை மாதங்களில் எரிமலைச் சரிவுகளில் சறுக்க ஆட்கள் வருகிறார்கள். குளிர்காலத்தில் அடுக்கடுக்காகப் படிந்து, எந்த அடுக்கு எப்போது நழுவும் என்று அஞ்சவைத்த பனி, அதற்குள் நன்றாக இறுகிவிட்டிருக்கும். ஆகவே ஆபத்து தீர்ந்தது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆபத்து தீர்வதில்லை, குளிர்காலத்தில் பனிக்குள்ளே ஒளிந்திருந்தது, பருவக் கடைசியில் கடிகாரத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இதைச் சற்று விளக்க வேண்டும். பகலில் வெயிலில் உருகும் மேற்பனி இரவில் மீண்டும் உறைகிறது. இப்படிப் பல நாட்கள் உருகியும் உறைந்தும் பனித்துகள்கள் சோள மணி அளவுக்குத் திரண்டுவிடும். ஆங்கிலத்தில் அதைச் சோளம் என்றே சொல்கிறார்கள். நாங்களும் 'கார்ன்' என்போம். விடியற்காலையில் அது கண்ணாடித் தளம்போல் கெட்டியாக இருக்கும். கால் தவறினால் பிடிமானம் எதுவும் இல்லாமல் ஐந்நூறு மீட்டர் வழுக்கிக்கொண்டே போக நேரிடும். வெயில் ஏறிய ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் மேலே இரண்டு விரற்கடை மட்டும் இளகி, அடியில் கெட்டித்தளம் அப்படியே இருக்கும். சறுக்குவதற்கு அதைவிடச் சுகமான பனி உலகில் இல்லை. இன்னும் இரண்டு மணி நேரம் போனால் முழங்கால்வரை கூழாகிவிடும். அந்தக் கூழ் சரிந்தால் மெதுவாகத்தான் வரும், ஆனால் ஒரு கன மீட்டர் அரை டன்னுக்குக் குறையாது. ஆளை நசுக்குவதற்கும் பனியாற்றில் ஆழமாக வெடித்திருக்கும் பனிப்பிளவுக்குள் தள்ளுவதற்கும் அந்த வேகமே போதும். ஒரே சரிவு, ஒரே காலைப்பொழுதில், மூன்று வேறு வேறு மலைகளாக இருக்கிறது.

இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இரவில் பனி உறையுமா என்பதைக் காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வானம் தெளிவாக இருந்தால் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை விண்வெளிக்கே கொடுத்துவிடுகிறது. காற்று மூன்று நான்கு டிகிரி இருந்தாலும் மேல்பனி உறைந்துவிடும். மேகம் மூடியிருந்தாலோ அது போர்வையாகி, வெப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடும். நள்ளிரவு ஒன்றரை மணிக்கு அலாரம் அடித்ததும் எங்கள் குழுத் தலைவர் முதலில் செய்வது கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து நட்சத்திரங்களைப் பார்ப்பதுதான். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த மலைகளில் வேலை செய்த அம்மையார் அவர். நட்சத்திரம் தெரிந்தால் அடுப்பைப் பற்றவைப்பார். தெரியாவிட்டால் எதுவும் பேசாமல் எங்கள் முகத்தைப் பார்ப்பார். அந்த மௌனத்தின் பொருளைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு பருவங்கள் பிடித்தன.

எரிமலைக்கு மட்டுமே உரிய இன்னொரு சிக்கல் அதன் வடிவம். அது ஒரு கூம்பு. உச்சியில் நான்கைந்து டிகிரி திசை தவறினால் அங்கே அது சில தப்படிதான். கீழே வரவர வழிகள் விரிந்து, நூற்றுக்கணக்கான மீட்டர் விலகிவிடுகின்றன. சாதாரண மலையில் ஒரு முகடோ பள்ளத்தாக்கோ நம்மைத் தடுத்துத் திருப்பிவிடும். கூம்பில் அப்படித் தடுப்பதற்கு எதுவும் இல்லை. ஹூட் மலையில் உச்சியிலிருந்து இறங்குபவர்கள் சரிவு இழுக்கும் வழியிலேயே போனால், கார் நிற்கும் டிம்பர்லைன் விடுதிக்கு வராமல், மேற்கே ஸிக்ஸாக் ஆற்றின் பள்ளத்தாக்கு விளிம்புக்குப் போய்ச் சேருவார்கள். ரெய்னியரில் ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்திலிருக்கும் மியூர் முகாமிலிருந்து கீழேயுள்ள பாரடைஸ் என்னும் இடத்துக்கு இறங்கும் அகலமான பனிவெளியும் அப்படித்தான். வெயில் நாளில் குழந்தைகூட இறங்கிவிடலாம். மேகம் இறங்கிவிட்டால் பனியும் வானமும் ஒரே வெள்ளையாகி, நாம் நகர்கிறோமா நிற்கிறோமா என்பதே தெரியாது. ஒரு பக்கம் தவறினால் நிஸ்குவாலி பனியாற்றின் மேலுள்ள பாறை விளிம்பு, மறுபக்கம் தவறினால் பாரடைஸ் பனியாற்றின் பிளவுகள். அங்கே ஒருமுறை மேகத்துக்குள் சிக்கி நின்றுகொண்டே தலைசுற்றி விழுந்திருக்கிறேன். நான் ஏற்கெனவே நின்றுவிட்டேன் என்பதை என் உடல் நம்பவில்லை.

இனி அந்த ஜூன் மாத நாள். பேக்கர் மலை, 3,286 மீட்டர். அதன் தெற்கு முகத்தில் ஈஸ்டன் பனியாறு. சரிந்துபோன குழாய்கள் நான்கை எடுத்து மீண்டும் நட வேண்டும். மூன்று பேர் போனோம். அன்று குழுத் தலைவர் வரவில்லை. மூவரில் மூத்தவன் என்பதால் பொறுப்பு என்னுடையது. ஒன்றரை மணிக்கு ஜிப்பைத் திறந்தேன். நட்சத்திரம் இல்லை. வெளியே வந்து பனியை மிதித்தேன். பூட்ஸ் கணுக்கால்வரை இறங்கியது. திரும்பியிருக்க வேண்டும். ஆனால் அலுவலகத்தில் அந்தக் கோடைக்கான பட்டியல் இருந்தது, அடுத்த வாரம் வேறு மலை, அதற்கடுத்த வாரம் விடுமுறை. மேலே போகப்போகக் கெட்டியாகிவிடும் என்று சொன்னேன். கூட வந்த இருவரும் என்னை நம்பினார்கள்.

உண்மையில் மேலே கொஞ்சம் கெட்டியாகத்தான் இருந்தது, அதுவே எங்களைக் கெடுத்தது. முதல் இரண்டு குழாய்கள் எட்டரை மணிக்குள் முடிந்தன. மூன்றாவதில் நீராவித் துளைப்பான் மக்கர் செய்தது. சிறிய கொதிகலத்தில் தண்ணீரைக் காய்ச்சி, நீராவியைக் குழல் வழியாக இறக்கிப் பனிக்கட்டியில் துளை போடும் கருவி அது. காற்றில் எரிவாயு அடுப்பு அணைந்து அணைந்து போயிற்று. முதுகைக் காட்டி காற்றை மறைத்துக்கொண்டு, விரல் மரத்துப்போக, ஒன்றரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினோம். அதற்குள் மேகம் கலைந்து சுளீரென்று வெயில் அடிக்கத் தொடங்கியிருந்தது. சரிவுகளில் சிறு சிறு பனியுருண்டைகள் தாமாக உருண்டு, சக்கரம்போல் பருத்துக்கொண்டே இறங்கின. இறங்கும் நேரம் வந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது; மூவருமே பார்த்தோம். மணி பதினொன்று பத்து. நான்காவது குழாய் நூற்றைம்பது மீட்டர் மேலே இருந்தது. அத்தனை பாடுபட்டுவிட்டு ஒன்றை விட்டுவிட்டுப் போவதா என்று நான்தான் கேட்டேன்.

விளையாட்டுக்காக மலையேறுகிறவனுக்கும் வேலைக்காக ஏறுகிறவனுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அன்றுதான் விளங்கியது. முன்னவன் திரும்பினால் இழப்பது ஒரு நல்ல இறக்கம் மட்டும். பின்னவனுக்குப் பட்டியலில் ஒரு கட்டம் காலியாகக் கிடக்கும். அந்தக் காலிக் கட்டம் ஒரு மனிதனை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதை அதில் மாட்டாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம்.

நான்காவது இடத்தை அடைந்ததும் மூவரும் நெருங்கி வந்தோம். எங்களைப் பிணைத்திருந்த கயிறு தொய்ந்து காலடியில் சுருள் சுருளாகக் கிடந்தது. நான் ஸ்கையைக் கழற்றினேன். துளைப்பானை இறக்கிவைக்க ஓர் அடி பக்கவாட்டில் வைத்தேன். பூட்ஸின் அடிப்பரப்பு ஸ்கையின் அடிப்பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். அதுவரை என் எடையைப் பரப்பித் தாங்கிய பனி, ஒற்றைக் காலின் கீழ் சத்தமே இல்லாமல் விட்டுக்கொடுத்தது. விழுந்தேன் என்ற உணர்வு வரும் முன்பே நெஞ்சுவரை உள்ளே இருந்தேன். முதுகுப்பையும் விரித்த இரு கைகளும் விளிம்பில் தடுத்துக்கொண்டன. கால்கள் எதையும் தொடவில்லை. கையிலிருந்து நழுவிய ஊன்றுகோல் சுவரில் இருமுறை தட்டியது கேட்டது. மூன்றாவது ஓசைக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. இடுப்புக்குக் கீழே, பழைய கிணற்றின் வாயிலிருந்து வருவதுபோல் ஓர் ஈரக் குளிர். மிக ஆழத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேலே தோளில் வெயில் சுட்டுக்கொண்டிருந்தது.

கூட இருந்த இருவரும் அன்று செய்ததெல்லாம் சரியாகச் செய்தார்கள். என் பக்கம் பாய்ந்து வரவில்லை. ஸ்கையைக் கழற்றாமல் பின்னோக்கி நகர்ந்து, கயிற்றை இறுக்கி, ஒருவர் அதைத் தாங்க மற்றவர் பனியில் நங்கூரம் புதைத்தார். பிறகுதான் என் மார்புக்கு அடியில் ஒரு ஸ்கையைத் தள்ளிக் கொடுத்து, அதன் மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து வரச் சொன்னார்கள். பதினைந்து நிமிடம் ஆயிற்று. நான் முழுதாக விழுந்திருந்தால், தொய்ந்து கிடந்த கயிறு முழுவதும் ஓடி முடித்த பிறகே இழுத்திருக்கும். அந்த உதறலில் அவர்களில் ஒருவராவது என் பின்னாலேயே வந்திருக்கக்கூடும்.

வெளியே வந்ததும் அந்த இடத்தைத் துழாவுகோலால் குத்திப் பார்த்தோம். குழாயைச் சுற்றியிருந்த நிலம் என்று நாங்கள் நினைத்தது பனிப்பிளவின் மேல் மூடியிருந்த ஒரு கூரை. நடுவில் அதன் தடிமன் ஒரு முழம்கூட இல்லை. விடியற்காலையில் உறைந்திருந்தால் அதே கூரை என்னைத் தாங்கியிருக்கும்.

எல்லா ஆபத்தும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது என்று சொல்ல மாட்டேன். 1981 ஜூன் 21 அன்று ரெய்னியரின் இங்ரஹாம் பனியாற்றில் பெரும் பனிக்கட்டித் திரள் உடைந்து விழுந்து பதினொரு பேர் இறந்தார்கள். அமெரிக்க மலையேற்ற வரலாற்றில் அதுவே மிகப் பெரிய உயிரிழப்பு. அது நடந்தது அதிகாலையில், வழிகாட்டிகளுடன் போன குழுவுக்கு. தொங்கும் பனிக்கட்டி தன் எடையாலும் நகர்வாலும் உடைகிறது. வெயிலைக் கேட்டுக்கொண்டு உடைவதில்லை. அதன் கீழே விரைவாகக் கடந்துபோவதைத் தவிரச் செய்வதற்கு ஒன்றுமில்லை. எரிமலையின் உள்வெப்பமும் அப்படித்தான். பேக்கரின் உச்சிக்குச் சற்றுக் கீழே ஷெர்மன் பள்ளத்திலிருந்து எப்போதும் ஆவி எழுகிறது. காற்று திரும்பினால் ஈஸ்டன் பனியாறுவரை அழுகிய முட்டை வாடை வரும். ஹூட் மலையில் அப்படிப்பட்ட ஆவித்துளைகள் பனியை அடியிலிருந்தே உருக்கிக் குகைகளாக்கிவிடுகின்றன. அவற்றில் விழுபவரைப் பனி அமுக்காவிட்டாலும் தேங்கி நிற்கும் வாயு மூச்சைத் திணறடிக்கும். இவையெல்லாம் என் கணக்குக்கு அப்பாற்பட்டவை என்பதால்தான், என் கணக்குக்குள் அடங்கிய ஒன்றை நானே கெடுத்துக்கொண்டது இன்னும் உறுத்துகிறது.

இறங்கியது சுகமான இறக்கமாக இல்லை. முழங்கால் ஆழக் கூழில், ஒற்றை ஊன்றுகோலுடன், ஒவ்வொரு திருப்பத்திலும் எங்களோடு கூடவே ஒரு மெத்தை அகலப் பனி நழுவிவர, ரெயில்ரோட் கிரேடு என்னும் அந்தப் பழைய பனியாற்றுக் கரைமேட்டை எட்டும்போது மணி மூன்று. அலுவலகத்தில் கொடுத்த அறிக்கையில் 'கருவிக் கோளாறால் தாமதம்' என்று எழுதினேன். அந்தப் படிவத்தில் குழாய் எண், ஆழம், அடர்த்தி எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. எத்தனை மணிக்குத் திரும்பினோம் என்பதற்குக் கட்டம் இல்லை. குழுத் தலைவர் அறிக்கையைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஒன்றரை மணிக்கு நட்சத்திரம் தெரிந்ததா? தெரியவில்லை என்றேன். அவர் பேனாவை எடுத்துப் படிவத்தின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த பயணத்திலிருந்து என் களக்குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், கிளம்புவதற்கு முதல் நாள் மாலையே, திரும்பும் நேரத்தை மையால் எழுதிவைக்கத் தொடங்கினேன். பெரும்பாலும் அது பத்து மணி. அதன்பின் இரண்டு பயணங்களில் குழாயைக் கண்ணால் பார்த்துக்கொண்டே திரும்பியிருக்கிறேன். இரண்டிலும், கீழே வந்து பார்த்தபோது பனி இன்னும் ஒரு மணி நேரம் தாங்கியிருக்கும் என்றே தோன்றியது.

செப்டம்பரில் மீண்டும் ஈஸ்டனுக்குப் போனோம். புதுப்பனி முழுவதும் உருகி, பனியாறு அழுக்கு நீலமாக, விலா எலும்புகள் தெரியக் கிடந்தது. நான்காவது குழாய் பிளவின் விளிம்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிச் சாய்ந்து நின்றது. ஜூனில் நாங்கள் மூவரும் நெருங்கி நின்ற இடத்தில் இப்போது மூன்று மீட்டர் அகலத்துக்கு வெறும் வாய். குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். ஊன்றுகோல் தெரியவில்லை. கயிற்றைத் தொய்யவிடாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, குழாயின் வெளிநீளத்தை நாடாவால் அளந்து குறிப்பேட்டில் எழுதினேன். பக்கத்தில் நேரத்தையும் எழுதினேன், காலை எட்டு நாற்பது.