ஒண்ணாந்தேதி எப்ப வரும்

ஜூன் 1, சனி

காலைல பல்லு விளக்குறதுக்கு முன்னாடியே வீவகவோட (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வெப்சைட்டத் தொறந்தாச்சு. எங்க அடுக்குமாடி வீட்ட விக்கணும், ஆனா ஒவ்வொரு புளோக்குலயும் எந்த இனம் எத்தன சதவீதம் இருக்கலாம்னு வரம்பு வச்சிருக்காங்க. சீனர் வாங்கலாமா? முடியாது. அதே பதில். மாசாமாசம் ஒண்ணாந்தேதி கணக்கப் புதுப்பிக்கிறாங்க, ஆனா எத்தன சதவீதம்னு காட்ட மாட்டாங்க, சீனர் வரம்பு 87ஐத் தாண்டி எங்கயோ நிக்குதா இல்ல ஒரே ஒரு வீடு கைமாறினா எறங்கிடுமா, ஒண்ணும் தெரியாது. அது தெரிஞ்சாலாவது அடுத்த மாசம் வரைக்கும் மனச ஆத்திக்கலாம்.

ஜூன் 2

அத்தைக்கு ராத்திரி பூரா இருமல். தூங்கல.

ஜூன் 8, சனி

ஏஜண்ட் தம்பி ஒரு சீன ஜோடியக் கூட்டிட்டு வந்துட்டாரு, பாவம் அவருக்கும் அவசரம், செக் பண்ணாமலே. அந்தப் பொண்ணோட அம்மா இதே புளோக்குல ஏழாவது மாடியாம், லிஃப்டுல பாத்திருக்கேன், என்னைக்கும் பெரிய பிளாஸ்டிக் பையோட வருவாங்களே அந்த ஆன்ட்டி. பொண்ணு சமையக்கட்டப் பாத்ததும் அவன்கிட்ட மாண்டரின்ல என்னமோ வேகமாச் சொல்லுது, அலமாரி எங்க வைக்கிறதுன்னு கையாலேயே அளக்குது, எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கு. வெலையும் பேசல, நான் கேட்டதுக்கே தலையாட்டிட்டாங்க. அப்பறம் ஏஜண்ட் போனப் பாத்தாரு, மொகம் மாறிப்போச்சு.

அவங்களுக்குப் புரிய வைக்கவே நேரமாச்சு. இந்த புளோக்குல சீனர் வரம்பு நெறஞ்சிடுச்சு, அதனால சீனர் வாங்கணும்னா சீனர்கிட்டதான் வாங்கலாம், நான் இந்தியர், எங்கிட்ட வாங்க முடியாது. அந்தப் பையன் சிரிச்சுக்கிட்டே, அப்ப நான் உங்களத் தத்து எடுத்துக்கவா ஆன்ட்டின்னான். நானும் சிரிச்சேன். அவங்க போனப்பறம் பாத்திரத்தக் கொஞ்சம் சத்தமாவே கழுவினேன்.

சீனர்களுக்குன்னு கட்டின உச்சவரம்பு, அதுல வந்து முட்டுறது என் தலை. இத யார்கிட்டச் சொன்னாலும் ரெண்டு தடவ வெளக்க வேண்டியிருக்கு.

ஜூன் 9

ஏழாவது மாடி ஆன்ட்டிய லிஃப்டுல பாத்தேன். சாரி சாரின்னாங்க. அவங்க எதுக்கு சாரி.

ஜூன் 13

மேல் மாடி வீடு போயிடுச்சு. என் வீட்டு மாதிரியேதான், அதே நாலறை, அதே சன்னல், எங்களுதுல தரைகூட மாத்தினது. அவங்க சீனர், அதனால யாருக்கு வேணா விக்கலாம். எனக்கு வர்ற ஆஃபரவிட நாப்பதாயிரம் வெள்ளி (டாலர்) கூட. ஏஜண்ட் சொல்லாம இருந்திருக்கலாம்.

நாப்பதாயிரம்.

ஜூன் 16, ஞாயிறு

என் தம்பி சாப்பிட வந்தான், சண்ட. அவன் கட்சி எப்பவுமே ஒண்ணுதான், இந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையையே தூக்கணும், 1989ல போட்டது, இன்னும் எதுக்குங்கிறான். 2021ல நாடாளுமன்றத்துல எதிர்க்கட்சி இதயேதான் கேட்டுச்சு, அரசாங்கம் இன்னும் தேவைதான்னு சொல்லிடுச்சு. அடுத்த வருசம் ரொம்ப விதிவிலக்கான கேஸுன்னா வீவகவே வீட்ட வாங்கிக்கலாம்னு ஒரு வழி விட்டாங்க. நான் விதிவிலக்கான கேஸான்னு அவன் கேக்குறான். எனக்கு எப்படித் தெரியும். நாலறை வீடு, குறைஞ்ச வெலைக்குக் கேக்க ஆள் இருக்கு, அப்ப என்னத்த விதிவிலக்கு.

ஆனா அவனுக்கு நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்ல. அண்ணன் மகன் போன வருசம் வாடகைக்கு ரூம் தேடினான்ல, இங்கயே பொறந்து நேஷனல் சர்வீஸ் முடிச்ச புள்ள, போன்ல நல்லாப் பேசுவாங்களாம், பேரு கேட்டதும் ரூம் போயிடுச்சும்பாங்களாம். சில விளம்பரத்துல நேராவே போட்டிருக்கும், இந்தியர் வேணாம்னு. வாடகைக்கு இந்த இன வரம்பு கெடையாது, சந்தைதான். தூக்கிட்டா எல்லாத்துக்கும் அந்தச் சந்தைதானே வரும்? 1989லயே யீஷூன்ல இந்தியர், தெம்பனிஸ்ல மலாய்க்காரர், ஹவ்காங்ல சீனர்னு சேர ஆரம்பிச்சிருந்துச்சு. அதுக்கும் முன்னாடி பாத்தா, 1822ல பிரிட்டிஷ்காரர் ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டமே சீனருக்கு இது, சூலியாங்கிற தென்னிந்தியருக்கு இது, மலாய்க்காரருக்கு இதுன்னு கோடு கிழிச்சதுதான். தானா விட்டா ஊரு அந்தக் கோட்டுக்குத்தான் திரும்பும்னேன்.

அதுக்கு அவன், அப்ப நாப்பதாயிரம் போகட்டும்னு விடு, ஏன் பொலம்புறங்கிறான். தட்டுல போட்டதக்கூட முடிக்காமப் போயிட்டான்.

ஜூன் 17

ரெண்டும் உண்மையா இருக்கக் கூடாதா? விதி வேணும். நாப்பதாயிரமும் என்னுது.

ஜூன் 22

சென்னைலேருந்து வந்த ஒரு குடும்பம், ரெண்டு பேருமே பிஆர் (நிரந்தரவாசி). இனத்துல பிரச்சன இல்ல, இந்தியர்கிட்ட இந்தியர் வாங்கலாம். ஆனா மலேசியர் அல்லாத பிஆருக்கு வேற ஒரு வரம்பு, புளோக்குக்கு 8 சதவீதம், அக்கம்பக்கத்து புளோக்கெல்லாம் சேந்த பேட்டைக்கு 5. பேட்டைல நெறஞ்சிருக்கு. வரம்புக்கு மேல வரம்பு. அந்த அம்மா போறப்ப, நீங்க எத்தன தலமொறையா இங்க இருக்கீங்க, தமிழ் நல்லா பேசுறீங்களேன்னாங்க. பாராட்டுன்னுதான் எடுத்துக்கிட்டேன்.

ஜூன் 30

நாளைக்கு ஒண்ணாந்தேதி.

ஜூலை 1, திங்கள்

முடியாது.

ஜூலை 4

தூக்கம் வரலன்னு டென்மார்க் பத்திப் படிச்சிக்கிட்டு இருந்தேன். அங்க 2018ல ஒரு சட்டத் தொகுப்பு, இணைச் சமூகங்கள்னு, அதாவது பெரும்பான்மையோட சேராமத் தனியா வாழுறவங்கன்னு பேரு வச்சு, மேற்கத்திய நாட்டவர் அல்லாதவங்க பாதிக்கு மேல இருக்குற சில குடியிருப்புகளப் பட்டியல் போட்டு, இடிக்கிறது, விக்கிறது, ஆளுங்கள வேற எடத்துக்கு அனுப்புறதுன்னு. அங்க கணக்கெடுக்குறது ஒரு பக்கத்த மட்டும். டேனிஷ்காரங்க ஒரே தெருவுல கூடி இருந்தா அது இணைச் சமூகம் இல்லயாம், அது ஊராம். அந்த விதத்துல இங்க பரவால்ல, பெரும்பான்மைக்கும் வரம்பு உண்டு. புளோக்குக்கு சீனர் 87, மலாய்க்காரர் 25, நாங்களும் மத்த இனத்தவங்களும் சேத்து 15, 2010 வரைக்கும் அது 13தான்.

காகிதத்துல பாத்தா எல்லாருக்கும் ஒரே விதி. ஆனா 2020 கணக்கெடுப்புல சீனர் 74.3 சதவீதம், நாங்க 9. வாங்க வர்ற கூட்டத்துல நாலுல மூணு பேருக்கு என் கதவு மூடியிருக்கு. வேற புளோக்குல எங்க வரம்பு நெறஞ்சு ஒரு சீனர் வீட்டுக் கதவு எங்களுக்கு மூடினா அவருக்குப் போறது அந்த ஒம்பதோட மத்தவங்க கொஞ்சம்தான். இதுதான், தம்பிகிட்ட அன்னைக்கு இத ஒழுங்காச் சொல்லியிருக்கணும், விதி தப்பில்லடா, பில்லு வர்ற எடம்தான் தப்பு. எல்லாரும் கலந்து இருக்குறது எல்லாருக்கும் நல்லதுன்னா எல்லாரும் போட்டுத்தான கட்டணும்.

மணி மூணு.

ஜூலை 7

இந்தக் கொள்கைய அப்ப தேசிய வளர்ச்சி அமைச்சராக் கொண்டாந்தவரு தனபாலன். 2015ல சுவிட்சர்லாந்து மேடைல இதப் பத்தி உலகத்துக்கு வெளக்கினவரு அப்ப துணைப் பிரதமரா இருந்த தர்மன், இருக்குறதுலயே மக்கள் வாழ்க்கைல ரொம்பத் தலையிடுற கொள்கைதான் ரொம்ப முக்கியமானதாப் போச்சுன்னு பேசினாரு. நம்மாளு கொண்டாந்தாரு, நம்மாளு வெளக்கினாரு, நான் கொறச்சு விக்கிறேன்.

தர்மனுக்குத்தான் 2023ல ஓட்டுப் போட்டேன், 70 சதவீதத்துக்கு மேல வாங்கி அதிபரானாரு, திரும்ப நின்னாலும் போடுவேன். கோவம் வேற.

ஜூலை 13

மலாய்க் குடும்பம் ஒண்ணு வந்தாங்க. மூணு புள்ளைங்க, கடைசி வாண்டு அத்தை கட்டில்ல ஏறிக் குதிச்சிருச்சு, அத்தைக்கு ஒரே சிரிப்பு, மலாய்ல பேச ஆரம்பிச்சவங்க நிறுத்தல. என்னவிட அவங்க மலாய் நல்லாருக்கும். அந்த அக்கா வெலைய நேராச் சொல்லிட்டாங்க. அவங்களுக்குத் தெரியும், எனக்கு ஆள் கம்மின்னு. அவங்களும் நாளைக்கு வித்தா இதே கததான, அதுக்கும் சேத்துத்தான் கொறச்சுக் கேக்குறாங்க. தப்பே சொல்ல முடியாது.

யோசிச்சுச் சொல்றேன்னுட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

சின்னவளுக்கு நாளைக்குப் பள்ளியில இன நல்லிணக்க நாள், சீனப் பொண்ணுங்க போடுற சியோங்சாம் வேணுமாம், அலைஞ்சு வாங்கிட்டு வந்தோம். 1964ல இதே தேதிலதான் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் கலவரம், அந்த ஜூலைல மட்டும் 23 பேரு செத்துப் போனாங்க, அடங்கி செப்டம்பர்ல மறுபடியும். அத்தை அப்ப சின்னப் பொண்ணு. ஊரடங்குல வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்ததச் சொன்னாங்க, யார் வீட்டுக்குப் பக்கத்துல யாரு இருந்தாங்கங்கிறதப் பொறுத்துத்தான் அன்னைக்கு உசுருன்னாங்க. உன் வீட்ட வித்துட்டுப் போ, நாப்பதாயிரத்தப் பத்தியே பேசாதன்னும் சொன்னாங்க. இருமல் இன்னும் விடல.

அவங்க சொன்னா நான் எதுத்துப் பேச மாட்டேன். ஆனா 64ஐச் சொல்லிச் சொல்லியே எத்தன வருசத்துக்கு ஒரு பக்கமே கட்டுறது.

ஜூலை 22

சியோங்சாம் இறுக்கமா இருந்துச்சாம். போட்டோல பல்லு தெரியச் சிரிக்கிறா.

ஜூலை 29

புது வீட்டுச் சாவி வாங்கி ஆறு மாசத்துக்குள்ள இத வித்தாகணும். செப்டம்பரோட முடியுது. நான் வெலைல பிடிவாதம் பிடிச்சா நாள் போகுது, நாள் போனா வெல இன்னும் எறங்குது. மேல்முறையீட்டுக் கடுதாசி எழுதிக்கிட்டு இருக்கேன். கொள்கைய எடுங்கன்னு எழுதல. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு விழுற வித்தியாசத்தப் பொதுப்பணத்துலேருந்து கொஞ்சமாவது குடுங்கன்னு. தம்பி படிச்சிட்டு, நீ மானியம் கேக்குறங்கிறான். இல்லடா, பாக்கி கேக்குறேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

முடியாது.

ஆகஸ்ட் 3

மலாய் அக்கா ஃபோன் பண்ணினாங்க, அஞ்சாயிரம் ஏத்தித் தர்றாங்களாம், அதுக்கு மேல முடியாது, வேற வீடும் பாத்து வச்சிருக்காங்க. செவ்வாய்க்குள்ள சொல்லணும். கடுதாசி இன்னும் அனுப்பல, ரெண்டாவது பக்கம் நீளமாப் போச்சு. அத்தைக்குத் திங்கக்கிழம எக்ஸ்ரே, காலைல 9.20.