செவலையும் பவானி ஜமக்காளமும்

ஜூன் 16, 2024, ஞாயிறு

சென்னிமலைப் பக்கம் அண்ணன் தோட்டத்தில் பிறந்த குட்டி இன்று ஈரோட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பெட்டை, பத்து வாரம், நாட்டு நாய். மகள் 'கோகோ' என்று பெயர் யோசித்து வைத்திருந்தாள். அத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு "செவலை" என்றார், முடிந்தது. அவர் பிறந்த வீட்டில் காங்கேயம் மாடுகள். மயிலை, செவலை, காரி என்று நிறத்தைச் சொல்லியே கூப்பிட்டுப் பழகிய வாய்.

வந்த கால் மணி நேரத்தில், ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், விரித்திருந்த பவானி ஜமக்காளத்தில் மூத்திரம் போனது. எல்லோரும் சிரித்தோம். பொழுது சாய்வதற்குள் இன்னும் நான்கு தடவை. கடைசித் தடவை சிரித்தது மகள் மட்டும்.

ஜூன் 19, புதன்

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், மூத்திரம் போகும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போட ஆரம்பித்திருக்கிறேன். இன்று ஒன்பது கோடு. வெளியே இரண்டு, உள்ளே ஏழு.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பொடக்காலிக்குக் கூட்டிப் போய் இருபது நிமிஷம் நிற்கிறேன். காக்காயைப் பார்க்கிறது, துளசிச் செடியை மோந்து பார்க்கிறது, என் செருப்பைக் கடிக்கிறது. சரி, வரவில்லை போல என்று உள்ளே விட்டால் நேரே ஜமக்காளம். ரெண்டு சுற்று, உட்கார்ந்துவிடுகிறது. அது என் கல்யாணச் சீர். அம்மா பவானிக்கே போய்ப் பட்டை நிறம் பார்த்து வாங்கி வந்தது. துடைக்கத் துடைக்கப் பினாயில் பாட்டில் பாதி காலி.

ஜூன் 21, வெள்ளி

மாமா பொறுமை இழந்துவிட்டார். காலைப் பேப்பரைச் சுருட்டி இரண்டு போட்டு, மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்த்தார். "அப்பத்தான் புத்தி வரும். எங்க காலத்துல இப்படித்தான் பழக்கினோம்." அவர் காலத்தில் நாய் வீட்டு வாசற்படி தாண்டியதே இல்லை என்பதை யார் சொல்வது. நானும் தடுக்கவில்லை, எனக்கும் கோபம்.

புத்தி வந்ததா? வந்தது. மதியத்திலிருந்து யார் கண்ணுக்கும் படாமல் போகிறது. கிரைண்டருக்குப் பின்னால் ஒன்று, கட்டிலுக்கு அடியில் ஒன்று.

ஜூன் 24, திங்கள்

தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் படித்தவர், அதிகம் பேசாதவர். இன்று பேசினார்.

இந்த வயதுக் குட்டியால் எத்தனை மணி நேரம் அடக்க முடியும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு இருக்கிறதாம்: வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்று. ரெண்டரை மாதம் என்றால் மூன்றரை மணி, அதுவும் சும்மா படுத்திருந்தால். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் உடனே வெளியே தூக்கிப் போக வேண்டும். நாங்கள் அதற்கு விருப்பமான நேரம் பார்த்தா போனோம்? எங்களுக்கு வேலை ஒழிந்த நேரம் பார்த்துப் போனோம்.

அடித்த கதையைச் சொன்னதும் தலையை ஆட்டினார். "வீட்டுக்குள்ள போகக் கூடாதுன்னு அது கத்துக்கலைங்க. உங்க மாமா பார்க்கிறப்ப போகக் கூடாதுன்னு கத்துக்கிட்டுது. இனி வெளியே நீங்க பக்கத்துல நின்னாலும் அடக்கிக்கும்." இருபது நிமிஷம் காக்காய் பார்த்ததில் பாதிக் காரணம் இப்போது புரிந்தது. மீதிப் பாதி புரியவில்லை.

பினாயிலையும் நிறுத்தச் சொன்னார். மூத்திர வாசனை அதில் போகாது, நமக்கு மட்டும்தான் போன மாதிரி இருக்கும். நாய் நக்கினால் அதற்குக் கெடுதல் வேறு. வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து துடைக்கலாம். அதுவும் போதவில்லை என்றால் என்சைம் திரவம் கிடைக்கிறது. தடுப்பூசி முடியும் வரை தெருவுக்கும் கொண்டு போகக் கூடாது, குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் பயம். ஆக, பொடக்காலியே கதி.

ஜூன் 30, ஞாயிறு

அந்த மீதிப் பாதி இன்று அகப்பட்டது.

நோட்டில் கோட்டுக்குப் பக்கத்தில் இடத்தையும் எழுதி வந்தேன். ஜமக்காளம், கால்மிதி, அரிசிச் சாக்கு, கட்டிலுக்கு அடியில் அத்தை போட்டு வைத்த பழைய சேலை, கிரைண்டருக்குப் பின்னால் கிடந்த துணி. வெறும் டைல்ஸில் ஒரு தடவைகூட இல்லை! பொடக்காலி முழுக்க சிமெண்ட்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். குட்டிகள் எங்கே கிடந்தன என்று கேட்டதும், "கட்டுத்தரையிலதான் அம்மிணி, கூளத்து மேல" என்றான். பிறந்தது முதல் காலுக்கு அடியில் எது மெத்தென்று இருந்ததோ அங்கேதான் அதற்கு மூத்திரம் வரும். நாங்கள் சிமெண்டில் நிறுத்திவிட்டு வா வா என்றால் எப்படி வரும்.

பொழுதோட அண்ணன் ஒரு சாக்குக் கூளமும் கொஞ்சம் செம்மண்ணும் கொண்டு வந்தான். சுவரோரம் நான்கு பக்கம் செங்கல் அடுக்கி உள்ளே கொட்டினோம். மூத்திரம் துடைத்த துணியையும் ஓரத்தில் போட்டேன். "மாடில்லாத வூட்டுல கட்டுத்தரை" என்று அத்தைக்குச் சிரிப்பு தாளவில்லை.

சாப்பிட்டு முடித்த செவலையைத் தூக்கிக் கொண்டு போய் விட்டேன். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். கூளத்தை மோந்தது. முன்னங்காலால் ஒரு பிறாண்டு. ரெண்டு சுற்று. உட்கார்ந்தது. சத்தமே இல்லாமல் கூளம் குடித்துக்கொண்டது. அங்கேயே, அந்த நிமிஷமே, வேகவைத்த ஈரலில் ஒரு துண்டு கொடுத்தேன். உள்ளே வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கூலி என்று நினைத்துக்கொள்ளுமாம்.

ஜூலை 2, செவ்வாய்

ஜமக்காளம் துவைத்தோம். காய்ந்திருக்கும்போது ஒரு ஆள் தூக்கலாம். நனைந்தால் எருமைக் கன்று. மொட்டை மாடியில் வினிகர்த் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, அந்த முனையை வீட்டுக்காரரும் இந்த முனையை நானும் பிடித்து முறுக்கினோம். சிவப்புப் பட்டை கொஞ்சம் பச்சையில் இறங்கிவிட்டது. சுருட்டிப் பீரோ மேல் வைத்தாயிற்று.

ஜூலை 10, புதன்

நேற்று வரை நான்கு நாள் உள்ளே கோடே இல்லை. இன்று மூன்று. காரணம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆடிக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தகரம் படபடவென்று அடிக்கிறது. செவலை வாசற்படியிலேயே நடுங்கிக்கொண்டு நிற்கிறது. கூளம் வேறு பறந்து துணிக்கொடியெல்லாம் ஒட்டியது. தண்ணீர் தெளித்து அமுக்கினேன். நானும் கூடவே போய்க் குந்தி உட்கார்ந்தேன். அக்கம்பக்கத்தார் என்ன நினைத்தார்களோ.

ஜூலை 17, புதன், ஆடி 1

தேங்காய் சுடும் நோம்பி. தேங்காயின் நாரைச் சுத்தமாக எடுத்து, கண்ணைத் தோண்டி, வெல்லம், பொட்டுக்கடலை, எள், அவல் எல்லாம் போட்டுக் குச்சி செருகி, தெருவில் தீ மூட்டிப் பிள்ளைகள் எல்லாம் சுட்டார்கள். ஒரு தேங்காய் டப்பென்று வெடித்தது. செவலை உள்ளே ஓடியது. போச்சு, இன்றைக்குக் கட்டில் அடி என்று பின்னாலேயே போனேன். ஆசாரத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, பொடக்காலிக் கதவை மூக்கால் முட்டிக்கொண்டு நிற்கிறது. திறந்தேன்.

ஈரல் தீர்ந்திருந்தது. சுட்ட தேங்காயில் ஒரு சின்னச் சில்லு கொடுத்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

உள்ளே வாரத்துக்கு ஒன்று, ரெண்டு கோடுதான் இப்போது. விடியற்காலை நாலரைக்கு என் கையை நக்கி எழுப்புகிறது. தூக்கம் போனது போனதுதான். ஆறு மாதம் வரை அப்படி இப்படி இருக்கும் என்கிறார் டாக்டர்.

மிச்சமிருப்பது மாமா வெளியூர் போய்த் திரும்பும்போது. அவர் குனிந்து கையை நீட்டினால் போதும், மல்லாந்து படுத்து அங்கேயே விட்டுவிடுகிறது. அது பழக்கக் கோளாறு இல்லை, பயத்தில் பணிகிறது. இப்போதெல்லாம் மாமா வீட்டுக்குள் வந்ததும் அதைப் பார்ப்பதில்லை. நேரே போய்த் திண்ணையில் உட்கார்ந்து, பேப்பரை விரித்து, கையை மட்டும் ஓரமாகத் தொங்க விடுகிறார். அதுவாக வந்து மோந்துகொள்கிறது. பேப்பரைச் சுருட்டுவதே இல்லை.

ஆடிப் பதினெட்டுக்கு ஒறம்பரை, சொந்தக்காரர்கள், வருகிறார்கள். "ஜமக்காளத்தை எறக்கி விரிச்சரலாமா அம்மிணி?" என்றார் அத்தை.

"வேண்டாங்க அத்தை, பிளாஸ்டிக் சேர் போதும்" என்றேன்.